அனுப்பும் பணத்துக்குப் பெயர் என்ன? இரண்டு நாட்டுக் குடும்பங்களின் மாதக் கணக்கு

2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்ற எல்லையை நமது நாணயம் தாண்டியது. செய்திகளில் அது வீழ்ச்சி. சபுராளி வீடுகளில் அது நல்ல சேதி. "இந்த மாதம் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்க, ரேட்டு நல்லா இருக்கு" என்று காரைக்காலிலிருந்து துபைக்கும், நாகூரிலிருந்து ரியாத்துக்கும் போன்கள் போயின.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் 2024-25 நிதியாண்டில் ஊருக்கு அனுப்பிய பணம் சுமார் 135 பில்லியன் டாலர் என்கிறது ரிசர்வ் வங்கியின் கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த தொகையில் ஏறக்குறைய 38 சதவீதம் ஆறு வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. தமிழ்நாட்டின் பங்கு பத்தில் ஒன்று. நமது கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், மாடி வீடுகள், திருமணங்கள், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு எல்லாவற்றிலும் இந்தப் பணம் இருக்கிறது.

எவ்வளவு வந்தது என்பதை வங்கி எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பணம் எந்த வகையில் வந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. கொடையா, கடனா, குடும்பச் செலவா, அமானத்தா? இரண்டு நாடுகளில் வாழும் குடும்பத்தின் மாதக் கணக்கில் விடுபட்டுப் போகும் பத்தி இதுதான். பின்னாளில் குடும்பங்கள் உடைவதும் இந்தப் பத்தி வெற்றாக இருப்பதால்தான். அதைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

ரூபாய் இறங்கினால் நமக்கு லாபமா?

முதலில் ரேட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமீரக திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றும் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே திர்ஹமும் ரியாலும் ஏறவில்லை; ரூபாய்தான் இறங்கியிருக்கிறது.

2014-ஆம் ஆண்டின் நடுவில் டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். அன்று 2,000 திர்ஹம் அனுப்பினால் வீட்டுக்கு வந்தது சுமார் 32,700 ரூபாய். டாலர் 90 ஆனபோது அதே 2,000 திர்ஹம் 49,000 ரூபாய். ஐம்பது சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் இதே காலத்தில் நாட்டின் சில்லறை விலைவாசி 60 சதவீதத்துக்கும் மேல் ஏறிவிட்டது. தங்கத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2014-இல் ஒரு பவுன் 21,000 ரூபாய் அளவில் இருந்தது. அந்த 2,000 திர்ஹத்துக்கு ஒன்றரைப் பவுன் கிடைத்தது. 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தொட்டது. அதே தொகைக்கு இப்போது அரைப் பவுன்கூடக் கிடைக்காது.

சம்பளம் பெரிதாக ஏறாத ஒரு சபுராளி, பத்தாண்டுகளுக்கு முன் அனுப்பிய அதே திர்ஹத்தை இன்றும் அனுப்பினால், ரூபாயில் கூடுதலாகத் தெரிந்தாலும் வீட்டில் அது குறைவாகவே வேலை செய்கிறது. "அப்ப 32 ஆயிரத்துல குடும்பம் நடந்துச்சு, இப்ப 49 ஆயிரம் அனுப்பியும் பத்தலயா?" என்று அங்கிருந்து கேட்பவரும், "வந்து கடைக்குப் போய்ப் பாருங்க" என்று இங்கிருந்து பதில் சொல்பவரும் சொல்வது இரண்டுமே உண்மை. இருவர் கையிலும் ஒரே கணக்கு இல்லாததால் அது சண்டையாகிறது.

அங்கேயும் செலவு நின்ற இடத்தில் நிற்கவில்லை. சவூதியில் 2018-இல் 5 சதவீதமாக வந்த மதிப்புக் கூட்டு வரி, 2020 ஜூலை முதல் 15 சதவீதம். மனைவி மக்களை உடன் வைத்திருப்பவர் செலுத்தும் கட்டணம் 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலில் தொடங்கி, ஆண்டுக்கு நூறாக ஏறி, 2020-இல் 400 ரியாலானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். டாலர் 90 என்ற மதிப்பில் சுமார் மூன்றரை லட்சம் ரூபாய். வருமான வரி இல்லாத நாடு என்று சொல்லிக்கொண்டே கட்டும் தொகை இது. பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்பியதும், ஒரே வீடு இரண்டு நாட்டு வீடாக மாறியதும் அந்த ஆண்டுகளில்தான்.

எழுத்தை நம்பி வாழ்ந்த ஊர்

காரைக்காலுக்கு இரண்டு நாட்டு வாழ்க்கை புதிதல்ல. வளைகுடாவுக்கு முன்பே நம் மக்கள் சைகோனுக்கும் பாரிஸுக்கும் போனவர்கள். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. 1975-இல் அந்த நகரம் கைமாறியபோது, தலைமுறைகளாக அங்கே வாணிபம் செய்தவர்கள் கடைகளை விட்டுவிட்டு வெளியேற வேண்டியிருந்தது.

காரைக்கால் 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கே வசித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், ஆறு மாதத்துக்குள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தவரின் பேரன் இன்று பிரான்ஸில் வாழ்கிறான். எழுதிக் கொடுக்காத அண்டை வீட்டாரின் பேரன் விசாவுக்கு அலைகிறான். ஒரு தாள் ஒரு வம்சத்தின் வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பதை நேரில் கண்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுப் பணம் மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் ஓடுகிறது?

காரைக்கால்மேட்டில் ஒரு பாடம்

நகரத்திலிருந்து கடலை நோக்கிப் போனால் காரைக்கால்மேடு. மீனவ மக்களின் ஊர். அவர்களுடைய பங்குக் கணக்கு முறையை நாம் கவனிப்பது நல்லது. படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று ஓட்டச் செலவு முதலில் கழிக்கப்படும். மிஞ்சியது பங்காகும். படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் உண்டு. சொந்தக்காரரே கடலுக்குப் போனாலும், அவருக்கு எது படகுக்காக வந்தது, எது அவருடைய உழைப்புக்காக வந்தது என்று பிரித்துச் சொல்லிவிட முடியும்.

வருமானம் நாளுக்கு நாள் மாறும் தொழில் அது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. ஒரே படகில் அண்ணன், தம்பி, மச்சான் என்று உறவினர் பலர் இருப்பார்கள். இருந்தும் தொழில் நடக்கிறது என்றால், பங்குக்குப் பெயர் இருப்பதும், கணக்கு எல்லோருக்கும் தெரியப் பேசப்படுவதும் முக்கியக் காரணங்கள்.

மாதாமாதம் நிலையான சம்பளம் வாங்கும் நம் சபுராளி வீடுகளில் இந்த இரண்டும் இல்லை. பணம் வாப்பாவின் கணக்குக்கோ, மனைவியின் கணக்குக்கோ, ஊரில் இருக்கும் நானாவின் கணக்குக்கோ வருகிறது. அங்கிருந்து அது பெயரில்லாமல் கரைகிறது.

ஒரே பணத்துக்கு நான்கு பெயர்கள்

அனுப்பும் பணத்தை ஷரீஅத் ஒரே விதமாகப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அது இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, நஃபகா. மனைவி மக்களுக்கும், வசதியற்ற பெற்றோருக்கும் செய்யவேண்டிய பராமரிப்புச் செலவு. இது கடமை, திருப்பிக் கேட்க முடியாது.

இரண்டு, ஹிபா. அன்பளிப்பு. பெற்றவர் கையில் ஒப்படைத்தபின் அது அவருடைய சொத்து.

மூன்று, கர்ழ். கடன். கொடுத்தவருக்குத் திரும்பி வரவேண்டியது. வாங்கியவர் இறந்தால் அவருடைய சொத்திலிருந்து பங்கு பிரிக்கும் முன் கொடுக்கப்படவேண்டியது.

நான்கு, அமானத் அல்லது வகாலத். "எனக்காக வைத்திரு", "எனக்காக வாங்கு", "எனக்காகக் கட்டு" என்று ஒப்படைத்த பணம். கையில் வைத்திருப்பவர் பொறுப்பாளர், சொந்தக்காரர் அனுப்பியவர்.

பெயர் மாறினால் முடிவு எவ்வளவு மாறுகிறது என்று ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் பதினைந்து ஆண்டுகளில் வாப்பாவுக்கு 25 லட்சம் ரூபாய் அனுப்புகிறார். வாப்பா தம் மனையில் தம் பெயரிலேயே வீடு கட்டுகிறார். வீட்டின் இன்றைய மதிப்பு 40 லட்சம். வாப்பா மவுத்தாகிறார். இருப்பவர்கள் உம்மா, இரண்டு ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள்.

அனுப்பிய பணம் அன்பளிப்பு என்றால் வீடு முழுவதும் வாப்பாவின் சொத்து. உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆளுக்கு முறையே சுமார் 11 லட்சத்து 67 ஆயிரமும், 5 லட்சத்து 83 ஆயிரமும். 25 லட்சம் அனுப்பியவருக்கும், எதுவும் அனுப்பாத தம்பிக்கும் ஒரே பங்கு.

அதே பணம் கடன் என்று எழுதப்பட்டிருந்தால், முதலில் 25 லட்சம் அனுப்பியவருக்குத் திரும்பும். மீதி 15 லட்சம்தான் பங்காகும். உம்மாவுக்கு 1 லட்சத்து 87 ஆயிரத்து 500. ஆண் மக்களுக்கு 4 லட்சத்து 37 ஆயிரத்து 500 வீதம். பெண் மக்களுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்து 750 வீதம். அனுப்பியவர் கைக்கு மொத்தம் 29 லட்சத்துக்கும் மேல்.

ஒரே வீடு, ஒரே பணம், ஒரே வாரிசுகள். ஒரு சொல்லில் 17 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அந்தச் சொல்லைப் பணம் போன நாளில் எழுதவில்லை என்றால், மவுத்துக்குப் பின் ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான சொல்லைச் சொல்வார்கள். அநியாயம் இருபுறமும் நடக்கும். உழைத்து அனுப்பியவர் வெறுங்கையோடு நிற்பதும் உண்டு. "எல்லாம் என் பணம்" என்ற ஒரு வார்த்தையால் சகோதரிகளின் பங்கு பறிபோவதும் உண்டு. பாகப்பிரிவினைக்காக ஜமாஅத்துக்கு வருபவர்களிடம் "இது என்ன பணம் என்று எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் மௌனம்தான்.

நாட்டின் சட்டமும் இதில் கறாரானது. பினாமி சொத்துத் தடைச் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கணக்கில் உள்ள சொந்தப் பணத்தில் மனைவி, மக்கள் பெயரில் சொத்து வாங்கலாம். ஆனால் தகப்பன், அண்ணன், தம்பி, சகோதரி பெயரில் வாங்கும்போது, பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் அதே விலக்கு கிடைக்கும். "வாப்பா பேர்ல கிடக்கட்டும், நம்ம பணம்தானே" என்று விட்டவர், பின்னாளில் "அது என் சொத்து" என்று வாதாடுவது எளிதல்ல. மனை வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

இதனால்தான் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனமாக இருக்கிறது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அந்த வசனத்திலேயே இருக்கிறது. தொழுகையின் விவரங்களைக்கூட இவ்வளவு நீளமாக ஒரே வசனத்தில் அல்லாஹ் சொல்லவில்லை என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

மாதக் கணக்கு எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போனில் எழுதத் தெரிந்தவர்கள் இருவரும் பார்க்கும்படி ஒரு பொதுக் கணக்குத் தாளை வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒரு பக்கம். அதில் மூன்று பகுதி.

முதல் பகுதி, அங்கே. சம்பளம், அங்குள்ள செலவு, மிச்சம். அனைத்தும் அந்த நாட்டு நாணயத்தில் எழுதுங்கள், ரூபாய்க்கு மாற்றாதீர்கள். மாற்றினால் ரூபாய் இறங்கும் மாதத்தில் சம்பளம் ஏறியது போலவும், டீ குடித்தாலே குற்றம் போலவும் தோன்றும்.

இரண்டாம் பகுதி, கடக்கும் பணம். அனுப்பிய தேதி, அனுப்பிய தொகை, அன்றைய ரேட், கட்டணம், வீட்டுக் கணக்கில் வந்து சேர்ந்த ரூபாய். இதற்குப் பக்கத்தில்தான் பெயர் எழுத வேண்டும். உதாரணமாக, 4,000 திர்ஹம் சம்பளம். படுக்கையிடம், சாப்பாடு, போக்குவரத்து, போன் என 1,400 அங்கே செலவு. விடுமுறை டிக்கெட்டுக்கென்று 400 ஒதுக்கிவிட்டு 2,200 அனுப்புகிறார். ரேட் 24.50 என்றால் 53,900 ரூபாய். அதில் 30,000 மனைவி மக்களுக்கு நஃபகா. 6,000 உம்மா, வாப்பாவுக்கு. 10,000 தம்பியின் கடைக்குக் கடன். 7,900 வீடு கட்டும் செலவுக்காக நானாவிடம் அமானத். நான்கு வரிதான். தம்பிக்கும் நானாவுக்கும் அந்த வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிட்டால் அது பிற்காலத்தில் பேசும். தொகை பெரிதானால் இரண்டு சாட்சிகளோடு தாளில் எழுதுவதுதான் முறை.

மூன்றாம் பகுதி, இங்கே. வீட்டுச் செலவை எழுதுபவர் பெரும்பாலும் மனைவிதான். நஃபகா என்று ஒரு தொகையை அவருக்கே உரிமையாக்கிக் கொடுத்தால், அவர் சிக்கனமாக மிச்சம் பிடித்தது அவருடையது. வீட்டுச் செலவுக்காக நம்பி ஒப்படைத்த தொகை என்றால் மிச்சம் கணவருடையது. மனைவி பத்தாண்டு சேர்த்து வாங்கிய நகை யாருடையது என்ற கேள்வி தலாக்கின்போதோ மவுத்தின்போதோ எழுவதற்குப் பதிலாக, இன்றே ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

கணக்கு கேட்பது என்றால் கணவர் மனைவியைக் கேட்பது என்று மட்டும் நினைக்க வேண்டாம். கணவர் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமான அளவில் போதுமானதை எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. எது போதுமானது என்று தெரிய வேண்டுமானால் மனைவிக்கும் வருமானம் தெரிந்திருக்க வேண்டும். சம்பளத்தை மறைக்கும் கணவரும், அரபுநாடு என்றால் பணம் காய்க்கும் மரம் என்று நினைக்கும் குடும்பமும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன.

உண்டியல் வழியாக அனுப்பும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். அந்தப் பணத்துக்குத் தேதியோ ரேட்டோ அனுப்பியவர் பெயரோ எங்கும் இருக்காது. சில ரூபாய் கூடுதல் ரேட்டுக்காக, இருபது வருட உழைப்புக்கான ஆதாரத்தையே நாம் அழித்துக்கொள்கிறோம்.

நாளும் ஒரு கணக்குதான்

இரண்டு நாட்டு வாழ்க்கையில் பணத்தோடு நாட்களையும் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் தங்கினால், வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் இங்கே வசிப்பவராகிவிடுவார். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவருக்கு இந்த வரம்பு 120 நாளாகச் சுருங்கும். வீட்டு வாடகை, கடை வாடகை வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போனபின் ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்.ஆர்.இ. கணக்கு. இரண்டையும் பிரித்து வைத்தாலே பாதிக் கணக்கு தானாக எழுதப்பட்டுவிடும்.

பிரான்ஸில் இருக்கும் நம் மக்களுக்கு நாள் கணக்கு இன்னும் முக்கியம். அஸ்பா எனப்படும் முதியோர் ஆதரவுத் தொகை வாங்குபவர், 2023 செப்டம்பர் முதல், ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்ஸில் வசிக்க வேண்டும். முன்பு அது ஆறு மாதமாக இருந்தது. குளிர்காலம் முழுவதும் காரைக்காலில் இருந்துவிட்டுப் போகலாம் என்ற பழைய வழக்கம், இன்று தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதத்தில் முடியலாம். உழைத்த காலத்துக்குச் சந்தா கட்டிப் பெறும் ஓய்வூதியம் வேறு. அதை இங்கே இருந்தும் பெறலாம், ஆண்டுதோறும் உயிர்ச் சான்று அனுப்ப வேண்டும். அதேபோல் பிரான்ஸில் வரி செலுத்துபவர் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கை அங்கே அறிவிக்காவிட்டால், கணக்கு ஒன்றுக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கலாம். கணக்கில் சொற்பப் பணம் இருந்தாலும் இதே நிலைதான். போகும் தேதி, வரும் தேதி, எந்த நாட்டில் எந்தக் கணக்கு என்பதற்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அல்லாஹ்வுக்குரிய வரிகள்

மாதக் கணக்கு எழுதும் வீட்டில் ஜகாத் கணக்கு ரமலான் இரவில் தலைவலியாக வராது. சந்திர ஆண்டில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று அங்கே வங்கியில் இருப்பது, இங்கே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளில் இருப்பது, திரும்பி வரும் என்று நம்பிக்கை உள்ள கடன், அமானத்தாகப் பிறரிடம் இருப்பது, எல்லாவற்றையும் அன்றைய ரேட்டில் ஒரே நாணயத்துக்கு மாற்றிக் கூட்டி இரண்டரை சதவீதம். தம்பிக்குக் கொடுத்தது கடனா அன்பளிப்பா என்று எழுதாதவருக்கு இந்தக் கூட்டலே வராது. நகையைப் பொறுத்தவரை, பெண்கள் அணியும் நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத் இல்லை, ஹனஃபி மத்ஹபில் உண்டு. நகை யாருடையதோ அவருக்குத்தான் கடமை. ஆகவே நகையின் சொந்தக்காரர் யார் என்பதும் எழுதப்பட வேண்டும்.

என்.ஆர்.இ. வைப்புத்தொகைக்கு வரும் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதால் பலர் அதைச் சலுகையாக நினைக்கிறார்கள். வரி இல்லை என்பதால் வட்டி ஹலாலாகிவிடாது. கணக்கில் வந்து விழும் வட்டியைத் தனி வரியில் எழுதி, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளின் தேவைக்குக் கொடுத்து அகற்றிவிட வேண்டும். வருமானப் பத்தியில் அதைச் சேர்க்கக் கூடாது.

நோட்டின் கடைசிப் பக்கம்

வராத வருமானத்துக்கும் ஒரு பக்கம் வேண்டும். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பின் ஆண்டுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடை. மொத்தச் சம்பளம் 4,000 என்றாலும் ஒப்பந்தத்தில் அடிப்படை 1,800 என்று இருந்தால் கணக்கு அந்த 1,800-க்குத்தான். இசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். அந்தக் காப்பீட்டுத் தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டிய கடன், வரவேண்டிய கடன், கையிலிருக்கும் பிறர் அமானத் ஆகிய மூன்றும் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். பிரான்ஸில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 2015 ஆகஸ்ட் 17-க்குப் பின் நிகழும் மரணங்களில், இறந்தவர் வழக்கமாக வசித்த நாட்டின் சட்டப்படியே வாரிசுரிமை பார்க்கப்படும் என்பது அங்குள்ள பொதுவிதி. தம் குடியுரிமை நாட்டின் சட்டம் வேண்டும் என்றால், அதை உயில் வழியாக உயிரோடு இருக்கும்போதே தெரிவிக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு அங்கே இருப்பவர்களுக்கு இது ஒரு வழி.

நாம் செய்யக்கூடியது

சம்பளம் வந்த வாரத்தில் ஒரு நாள், வீடியோ அழைப்பில் கணவனும் மனைவியும் நோட்டைத் திறந்து கால் மணி நேரம் உட்காருங்கள். விசாரணை செய்யும் தொனி வேண்டாம். "இந்த மாதம் போனதுக்கு என்ன பேர் எழுதலாம்?" என்று கேட்டால் போதும். பெற்றோரிடமும் உடன்பிறந்தவர்களிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் ஒரு நாள்தான். கேட்காததால் வரும் பகை பேரப்பிள்ளைகள் வரை போகும். இதுவரை அனுப்பியதை எழுதவில்லையே என்பவர்கள், வாப்பாவும் உம்மாவும் நல்ல நினைவோடு இருக்கும்போதே எல்லோரையும் கூட்டி, இதுவரை போனது என்ன வகை என்று பேசி, ஒரு தாளில் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நமது ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேடு வைத்திருப்பதுபோல், விரும்பும் குடும்பங்களின் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சாட்சியாக இருந்து நகலைப் பாதுகாக்கும் பொறுப்பையும் ஏற்கலாம்.

பொருளை எந்த வழியில் சம்பாதித்தாய், எந்த வழியில் செலவிட்டாய் என்று மறுமையில் கேட்கப்படாமல் அடியானின் கால்கள் நகராது என்பது நாம் அடிக்கடி மிம்பரில் கேட்கும் செய்தி. அங்கே சம்பாதித்தவரிடம் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. இங்கே செலவிட்டவரிடம் இரண்டாம் கேள்விக்கான பதில் இருக்கிறது. இரண்டு பதிலும் ஒரே நோட்டில் சேரட்டும். நமது உழைப்பிலும் உறவிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.